தறி நின்ற தெரு

நெடுஞ்செழியன் கையில் மைக்கைக் கொடுக்காதீர்கள் என்று நான் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்? அவர் எங்கள் நூலகத்தின் வாசகர் வட்டச் செயலாளர், தபால் ஆபீசில் ரிட்டையர் ஆனவர். எதையும் எழுதி வைத்துப் படிக்க மாட்டார். மேடைக்கு நான் புதுசா மேடம் என்பார்.

நான் கலசப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் நூலகர். நூலகம் இருப்பது ஆரணியில், நெசவாளர் தெருவின் முனையில். வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தாலும் அதைப் படிக்க யாரும் எழுந்து வர முடியாது. தறியில் உட்கார்ந்துவிட்டால் கையும் காலும் அதோடு போய்விடும். அதனால் கண் சிகிச்சை முகாம், புதுப் புத்தகங்கள், போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு என்று எல்லாவற்றையும் மாலையில் மாடியில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் சொல்லிவிடுவோம்.

அந்த வாரம் இரண்டு நிகழ்ச்சிகள். சேத்துப்பட்டில் இறந்துபோன அன்புச்செல்வன் வாத்தியாருக்கு இரங்கல் கூட்டம். இந்த வருடத்தின் சிறந்த வாசகர் அய்யாக்கண்ணுவுக்குப் பாராட்டு விழா. அய்யாக்கண்ணு இந்தத் தெருவில் பட்டு நெய்கிறவர். நெடுஞ்செழியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெயர்களை மாற்றிப் போட்டார். அன்புச்செல்வனுக்குப் பொன்னாடை போர்த்துவோம் என்றார். அய்யாக்கண்ணுவின் மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் தெருவில் ஒரு தறி நின்றது. அடுத்த வீட்டுத் தறி நின்றது. அப்புறம் வரிசையாக எல்லாமே. அந்தத் தெருவில் சாவு விழுந்தால் தறியை நிறுத்திவிடுவார்கள். பிணம் தெருமுனையைத் தாண்டுகிறவரை ஒருத்தரும் ஓட்டக் கூடாது. பவர்லூம் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழக்கம்.

கடைசிச் சத்தமும் அடங்கியபோதுதான் எங்கள் மின்விசிறி கிறீச்சிடும் என்பதே எனக்குத் தெரிந்தது. மைக்கைப் பிடுங்கினேன். தவறான அறிவிப்பு, அய்யாக்கண்ணு நலமாக இருக்கிறார், பாராட்டு விழா அவருக்குத்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு தறியும் ஓடவில்லை.

நெடுஞ்செழியனைத் திட்டிக்கொண்டே ஓடினேன். வாசல்தோறும் ஆட்கள் நின்றிருந்தார்கள். அய்யாக்கண்ணு தன் தறியிலேயே, கால்களைத் தறிக்குழியிலிருந்து எடுத்து மடக்கி உட்கார்ந்திருந்தார். அவர் தறியும் நின்றுபோயிருந்தது.

"சாவுன்னு காதுல வுழுந்துச்சு, கை தானா நிறுத்திடுச்சு மேடம்," என்றார். "அப்பறந்தான் என் பேருன்னே ஒறைச்சுது."

அவர் மனைவி அபிதகுசாம்பாள் கொதித்துப் போயிருந்தாள். என் புருஷன் கல்லு மாதிரி குந்திகினு இருக்காரு, எந்தப் பாவி சொன்னான் என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். தறியை ஓட்டு என்று அவரை உலுக்கினாள். அவர் ஊடு நூலை ஓட்டும் நாடாவின் கயிற்றைப் பிடித்தார். இழுக்க வரவில்லை. நாங்க யாரும் தப்பா நெனைக்கலைங்க, ஆனா மொதல்ல ஓட்டறது யாரு என்று எதிர்வீட்டுப் பவர்லூம் குமரேசன் மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோதும் தெரு அப்படியேதான் இருந்தது. கல்யாண மாசத்தில் தறி சும்மா கிடக்கிறதே என்று வயிறு எரிந்தது. குமரேசன்தான் வழி சொன்னார். அய்யாக்கண்ணு ஒரு தடவை தெருமுனையைத் தாண்டிவிட்டுத் திரும்பி வந்துவிடட்டும், வழக்கமும் தீர்ந்துபோகும். அபிதகுசாம்பாள்கூட அதற்கு ஒப்புக்கொண்டாள்.

அவர் சட்டை போட்டுக்கொண்டு நடந்து வந்தார். முனையைத் தாண்டி நூலகப் படியில் கால் வைத்ததும், பின்னால் எல்லாத் தறிகளும் ஒன்றாக ஓட ஆரம்பித்தன. நெடுஞ்செழியன் டீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். அய்யாக்கண்ணு சிரித்துக்கொண்டே குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார். தெருவுக்குள் கால் வைத்தார். தறிகள் நின்றன.

காலைப் பின்னால் எடுத்து வைத்தார். ஓடின. மறுபடி உள்ளே போனார். நின்றன. வீட்டுக்குள் குனிந்து நெய்கிறவர்களுக்கு அவர் வருவது தெரிய வழியே இல்லை.

அன்று முழுக்க அவர் நூலகத்தில்தான் இருந்தார். கையில் பத்திரிகை இருந்தது, பக்கம் திரும்பவில்லை. அபிதகுசாம்பாள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் பூட்டுகிற நேரம் ஆயிற்று.

"எனக்கு வூட்டுக்குப் போவணும் மேடம். வேற ஒண்ணும் வேணாம்," என்றார்.

சரி, அதற்கு நான் என்ன செய்யட்டும் என்று எரிந்து விழுந்தேன். பயம்தான் அப்படிப் பேச வைத்தது.

"மைக்ல சொல்லிடுங்க, அய்யாக்கண்ணுவ எடுத்தாச்சுன்னு. அப்பறம் தறி நிக்காது."

நெடுஞ்செழியன் வேண்டாம் மேடம் என்று என் கையைப் பிடித்தார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அது. ஆனால் அய்யாக்கண்ணு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த முகத்தை என்னால் தாங்க முடியவில்லை. மைக்கைப் போட்டேன். நெசவாளர் தெரு அய்யாக்கண்ணுவின் உடல் எடுக்கப்பட்டது என்று சொன்னேன்.

அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே நடந்தேன். தெருவுக்குள் கால் வைத்தோம். ஒரு தறிகூட நிற்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குமரேசன் வாசலில் நின்று எனக்கு வணக்கம் சொன்னார். அய்யாக்கண்ணுவிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் அபிதகுசாம்பாள் அவர் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க மேடம். தனியாவா வந்தீங்க?"

என் பக்கத்தில் நின்று அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.