இரண்டு அங்குலத் தண்ணீர்

காலை ஐந்து நாற்பது. நாலு அங்குலக் குழாய் இரண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, பதினைந்தாவது நடைக்கு முதல் படியில் கால் வைத்தான் துளசிங்கம்.

படிக்கட்டுக்கு இன்னும் கைப்பிடி வரவில்லை. குழாயின் ஒரு முனை சுவரில் இடித்தால் மறுமுனை ஆளை வெளியே தள்ளிவிடும். சுவர்ப்பக்கத் தோளை இறக்கி, கால் விரலால் படியைத் தடவித் தடவி ஏற வேண்டும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சிமென்ட் தூசி தொண்டையில் கரகரத்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அதற்குள் லாட்ஜைத் திறந்தாக வேண்டும் என்று முதலாளி வேதாசலம் எல்லாரையும் ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருந்தார்.

மேலே யாரோ ஃப்ளஷ்ஷை அழுத்தினார்கள். கீழ்த்தளத்தில் மூன்றாம் எண் அறையின் குளியலறையிலிருந்து சத்தம் வந்தது.

களக். களக் களக்.

துளசிங்கம் மேலே ஏறவில்லை. குழாய்களைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

நேற்று நடுப்பகலில் அந்தக் குளியலறையில்தான் கோவிந்தம்மாள் விழுந்து கிடந்தாள். தரையில் ஒட்டியிருந்த சிமென்ட் கறையை ஆசிட் போட்டுத் தேய்க்கப் போனவள். கதவு சாத்தியிருந்தது. டைல்ஸ் ஒட்டும் ராஜீவ் கதவை உதைத்துத் திறந்து அவளை வெளியே இழுத்துப் போட்டான். இழுத்தவனுக்கும் தலை சுற்றியது. ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆசிட் நெடிக்கு மயங்கிவிட்டாள் என்றார் வேதாசலம். எல்லாரும் அதை ஒத்துக்கொண்டார்கள். துளசிங்கமும்தான்.

சாயங்காலம் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் அவன் புத்தகத்தைப் பிரித்தான். புத்தகம் என்று சொல்வதற்கில்லை. பிளம்பர் பயிற்சி மையத்தில் பின் அடித்துக் கொடுத்த நாற்பது பக்கம். அவனுக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளிப்பட்டில் ஓட்டிக்கொண்டிருந்த பவர்லூம் பழைய இரும்புக்குப் போனபின், இந்த எட்டு மாதமாகத்தான் குழாய் பிடிக்கிறான். அடுத்த மாதம் பரீட்சை. தினமும் இரண்டு பக்கம் என்று கணக்கு. நேற்றைய கணக்கு பதினேழும் பதினெட்டும்.

பதினேழில் ட்ராப் இருந்தது. கழிவு நீர் இறங்கும் துளைக்கு அடியில், வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர். ஆழம் ஐம்பது மில்லிமீட்டர். செப்டிக் டேங்கின் விஷவாயு அறைக்குள் ஏறாமல் தடுப்பது அது ஒன்றே. சுவரும் இல்லை, கதவும் இல்லை. இரண்டு அங்குலத் தண்ணீர்.

பதினெட்டில் வென்ட் இருந்தது. கழிவுக் குழாய் மூச்சு விடும் வழி. அதன் மேல்வாய் கூரையைத் தாண்டித் திறந்தவெளியில் நிற்க வேண்டும். எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. மூடினால் ட்ராப்பில் உள்ள தண்ணீர் நிற்காது.

டீ ஆறிப்போயிற்று. அவன் அந்த நான்கு வரியையும் விரல் வைத்து மறுபடி படித்தான்.

போன வியாழக்கிழமை அவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் முபாஷிர், தங்கை நிச்சயத்துக்காக அரக்கோணம் போயிருந்தான். வேதாசலம் மொட்டை மாடிக்கு வந்தார். பக்தர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து மலைக்கோயிலைப் பார்க்கும்படி அந்த மாடியை அமைத்துக்கொண்டிருந்தார். லாட்ஜும் அவருடையது, காண்ட்ராக்டும் அவருடையது. குழாய் ஒன்று நடுவில் நெட்டுக்குத்தாக நின்றது.

"இன்னாய்யா இது, கோபுரத்த மறைச்சிகினு? அறுத்து மூடு."

துளசிங்கம் ஆக்ஸா பிளேடால் தரையோடு அறுத்தான். பிசிறு தேய்த்தான். சொல்யூஷன் பசை தடவி மூடியை இறுக்கித் திருகினான். "கை சுத்தம்யா உனக்கு" என்றார் வேதாசலம். சாயங்காலமே அதன்மேல் டைல்ஸ் ஏறிவிட்டது. அன்றைக்கெல்லாம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

படியில் உட்கார்ந்தபடி அவன் தன் கைகளைப் பார்த்தான். ராஜீவ் கதவை உதைக்க இன்னும் கால் மணி ஆகியிருந்தால்? அந்த எண்ணம் அதற்குமேல் நகர மறுத்தது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடலாம். டைல்ஸுக்கு அடியில் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆறு மணிக்கு முபாஷிர் வந்தான். இருபத்தாறு வயது. வாயில் பாட்டு.

"இன்னாண்ணா, காலங்காத்தாலயே குந்திகினு கீறே?"

"பாய், வென்ட்ட மூடிட்டேன்."

"எந்த வென்ட்ட?"

"மொட்ட மாடி. வியாழக்கிழம. மொதலாளி மூடச் சொன்னாரு."

முபாஷிர் சிரித்தான். "அதுக்கா இப்டி வேர்த்துகினு கீறே? மூடிய கழட்டினா ஆச்சு."

"சொல்யூஷன் போட்டு மூடிட்டேன். மேல டைல்ஸும் ஒட்டியாச்சு."

சிரிப்பு நின்றது.

"எத்தினி கோட்டு போட்டே?"

"ரெண்டு. நீதான் சொல்லிக் குடுத்தே."

முபாஷிர் மூன்றாம் எண் அறையின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.  பிறகு சினேகாவைக் கூப்பிட்டான். அவளும் துளசிங்கத்தோடு சேர்ந்த பயிற்சிக்காரி. ஐ.டி.ஐ. படிக்க இடம் கிடைக்காமல் இங்கே வந்தவள்.

"சினேகா, மூணாவது மாடிக்குப் போய் ஃப்ளஷ் அடி. நான் நிறுத்துன்னு கத்துற வரைக்கும் அடி."

"இது பரீட்சைக்கு வருமாண்ணா?"

"வந்துட்ச்சு. ஓடு."

அறையின் ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்துவைத்தான் முபாஷிர். குளியலறைத் தரைத் துளையில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டு எடுத்தான். இரண்டு அங்குலம் நனைந்திருந்தது.

மேலே முதல் ஃப்ளஷ். துளைக்குள் தண்ணீர் குமிழியிட்டது. மூன்றாவதுக்குக் கொதிப்பதுபோல் துள்ளித் தரையில் சிதறியது. ஐந்தாவதுக்கு, குழந்தை பாலாடையில் பால் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். முபாஷிர் மறுபடி குச்சியை விட்டான். நுனிகூட நனையவில்லை.

அழுகிய முட்டை வாடை வந்தது. அதைத் தாண்டியும் ஏதோ வந்தது. பக்கத்துப் பழைய லாட்ஜின் டேங்கிலேயே இந்தக் குழாயையும் சேர்த்திருந்தார்கள். பல வருஷத்துச் சரக்கு அது. மூடியைப் போட்டதும் அந்த டேங்குக்கு மூச்சு விட வேறு வழி இல்லாமல் போயிருந்தது.

துளசிங்கம் துளையையே பார்த்துக்கொண்டு நின்றான். சற்றைக்கெல்லாம் வாடை குறைந்த மாதிரி இருந்தது.

"வாட போயிட்ச்சு பாய்" என்றான்.

முபாஷிர் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான். "வாட போவல. உன் மூக்கு போயிட்ச்சு. இந்த கேஸு மொதல்ல மூக்க மரத்துப்போவ வெக்கும், அதுக்கப்புறம் ஆளு. வெளிய வா."

வெளியே வந்ததும் துளசிங்கம் மணல் குவியல் பக்கம் போய் வாந்தி எடுத்தான். வாடையாலா பயத்தாலா என்று அவனுக்கே தெரியவில்லை. கீழ் அறைகளில்தான் ராஜீவும் அவன் ஆட்கள் மூன்று பேரும் பத்து நாளாகப் படுத்திருந்தார்கள்.

எட்டரைக்கு வேதாசலத்தின் கார் வந்தது. நெற்றியில் புது விபூதி. கையில் ஒரு ரிஜிஸ்டர்.

"கீழ் ரூம் பூரா புக் ஆயிட்ச்சு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். "மாடி ஏற முடியாதவங்க. மூணாம் நம்பர்ல கைக்கொழந்தையோட ஒரு குடும்பம். எங்கய்யா துளசிங்கம்? பதினோரு மணிக்கு லாட்ஜப் பாக்க ஆபீசர் வர்றாரு. இதுல ஒரு கையெழுத்து போடு."

கார் பானெட்டில் விரித்துவைத்த ரிஜிஸ்டரில் எழுதியிருந்தது: கழிவுக் குழாய், வென்ட் குழாய் சோதிக்கப்பட்டன. குறை இல்லை. வேலை செய்தவர்கள் கையெழுத்து:

துளசிங்கம் அதைப் படித்துவிட்டு முபாஷிரைப் பார்த்தான்.  முபாஷிர் முன்னால் வந்தான்.

"மொதலாளி, வென்ட் மூடிக் கீது. தெறந்தாவணும். கோவிந்தம்மா விழுந்தது அதாலதான். இப்பதான் பாத்தோம்."

"ஆசிட் வாடைக்கு விழுந்தா அந்தம்மா."

"புத்தகத்துல சட்டமே போட்டிருக்குது மொதலாளி" என்றான் முபாஷிர்.

"புத்தகத்துல ஆயிரம் போடுவான். கட்டடம் கட்டுறவன் நானா, அவனா?" அவர் குரலை உயர்த்தவில்லை. துளசிங்கத்தின் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்தார். "மூடினது யாருய்யா?"

"நீங்க சொல்லித்தானே..."

"நான் சொன்னத யாரு பாத்தாங்க? உன் ஆக்ஸா, உன் கை. நாளைக்கு ஒண்ணுன்னா போலீஸ் உன்னத்தான் தேடிகினு வரும். வேல பழகினதுக்கு சர்ட்டிபிகேட்ல நான் கையெழுத்து போடணுமா, வேணாமா? நாப்பது வயசுக்கு மேல வேற எவன் உன்ன சேத்துக்குவான்? யோசி."

துளசிங்கம் யோசித்தான். யோசிக்க ஒன்றுமில்லை. அவர் சொன்னது ஒவ்வொன்றும் நடக்கக்கூடியது. பேனாவை வாங்கிக்கொண்டான். 'குறை இல்லை' என்ற வரியை விரல் வைத்து மறுபடி படித்தான்.

கேட் பக்கம் ஆட்டோ நின்றது. கோவிந்தம்மாள் இறங்கினாள். புறங்கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. நேரே மூன்றாம் எண் அறையின் வாசலுக்குப் போய், நேற்று அவளோடு சேர்த்து வெளியே இழுத்துப் போட்ட வாளியிலிருந்து ஆசிட் கேனை எடுத்துவந்து ரிஜிஸ்டர் பக்கத்தில் வைத்தாள்.

"ஆசிட்டு மயக்கம்னு சொல்லித்தான் ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. சீலே உடைக்கல, பாருங்க" என்றாள். "வாளிய கீழ வெச்சேன். அவ்ளோதான் தெரியும். தெறக்காத ஆசிட்டு எப்டி மயக்கம் குடுக்கும்?"

வேதாசலம் கேனைப் பார்த்தார். "நீ ஊட்டுக்குப் போய்ப் படும்மா. எல்லாம் பேசி வெச்சிகினு வந்துட்டீங்களா? நல்லது. எல்லாரும் கெளம்புங்க. ஒரு போன் அடிச்சா நகரியிலேர்ந்து ஒரு வேன் ஆளு வரும்."

ராஜீவ் கரணையை வாளியில் போட்டுவிட்டு வந்தான்.

"நகரியிலேர்ந்து வந்த ஆளே நாங்கதான், மொதலாளி. அங்க யாருக்கு போன் அடிச்சாலும் என் பாவா, எங்கக்கா ஊட்டுக்காரருதான் எடுப்பாரு."

சினேகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து ராஜீவின் ஆட்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் நடுக்கம் இருந்தது. கூலி போய்விடும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆனால் யாரும் கேட் பக்கம் நகரவில்லை.

"நாங்க ஒட்டின டைல்ஸு" என்றான் ராஜீவ். "நாங்களே ஒடைச்சித் தர்றோம். அதுக்குக் கூலி வேணாம்."

அவன் ஆள் ஒருவன் சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டின் கீழே போய் நின்றான்.

துளசிங்கத்தின் கையிலிருந்த பேனாவை முபாஷிர் மெதுவாக வாங்கினான். 'குறை இல்லை' என்பதை அடித்தான். கீழே எழுதினான்: வென்ட் மூடியிருக்கிறது. திறக்கும் வரை கீழ் அறைகளில் ஆள் தங்கக் கூடாது. கையெழுத்துப் போட்டான். சினேகா போட்டாள். கோவிந்தம்மாள், ஊசி குத்திய கை வலிக்க, ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். ராஜீவ் தெலுங்கில் போட்டான்.

"டேய், அது அரசாங்கத்துக்குப் போற ரிஜிஸ்டருடா" என்றார் வேதாசலம்.

"ஆங். அதனாலதான்" என்றான் முபாஷிர்.

ரிஜிஸ்டர் துளசிங்கத்திடம் வந்தது. மற்றவர்களுக்குப் பெயர் மட்டும் போதும். அவனுக்கு அது போதாது. போலீஸ், பரீட்சை, வீட்டில் இருக்கும் அரிசி எல்லாம் கண்முன் வந்தன. பயம் கொஞ்சமும் குறையவில்லை.  ஆனாலும் எழுதினான்: மூடியது நான், துளசிங்கம். மூடச் சொன்னவர் முதலாளி வேதாசலம்.

ரிஜிஸ்டரை மூடாமல் இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினான். அவர் அதைப் படித்தார். சட்டைப்பையில் செல்போன் அடித்தது. எடுக்கவில்லை. கோவிந்தம்மாள் துளசிங்கத்தின் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் மற்றவர்கள் நெருங்கி நிற்பது அவனுக்கு முதுகில் தெரிந்தது.

அவன் கேட்டான்.

"கைக்கொழந்தையோட வர்றவங்ககிட்ட இன்னா சொல்லி அந்த ரூம் சாவியக் குடுப்பீங்க, மொதலாளி?"