மொய்யாக விழுந்த கிளிக்குகள்

2008-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஓர் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தேன். கல்யாண வீடியோக்களை இலவசமாகப் போட்டுவைக்கிற தளம். லீவு கிடைக்காத துபாய்ச் சொந்தங்கள் தாலி கட்டுவதை அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். போடவும் காசில்லை, பார்க்கவும் காசில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டீக்கடையில் கூட்டம் சேர்ந்தால் கடைக்காரருக்கு லாபம். என் தளமோ தண்ணீர்ப்பந்தல் மாதிரி. கூட்டம் சேரச் சேரப் பானைதான் காலியாகும். வீடியோக்கள் இருந்தது அமெரிக்காவில் நான் வாடகைக்கு எடுத்திருந்த கம்ப்யூட்டரில். ஒவ்வொருவர் பார்க்கும்போதும் மூன்று மணி நேரக் கல்யாணம் முழுவதும் அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஓடி வரவேண்டும். எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவு வாடகை. மாதம் மூவாயிரம் ரூபாய் ஆனது.

சிதம்பரத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமா மணவாளனுக்கு இது பிடிபடவே இல்லை. அவர் மகள் இளமதியைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள்.

"ஊரு கல்யாணத்தயெல்லாம் சும்மா காட்டுறியே மாப்ள, ஒன் கல்யாணத்துக்கு என்னா வச்சிருக்க?" என்றார்.

கடைசியில் ஒரு கெடு வைத்தார். மார்கழி முடிவதற்குள், ஒரே ஒரு மாதமாவது தளம் தன் வாடகையைத் தானே கட்டி ஒரு ரூபாய் மிச்சம் காட்டவேண்டும். இல்லாவிட்டால் தளத்தை மூடிவிட்டு, சிப்காட்டில் அவர் சொல்லிவைத்திருக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட வேண்டும். கல்யாணம் எப்படியும் உண்டு. தளத்தின் ஆயுள்தான் சந்தேகம்.

வரவுக்கு எனக்கிருந்த ஒரே வழி விளம்பரம். வீடியோவுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும். விளம்பரக் கம்பெனியின் இயந்திரம் பக்கத்தில் உள்ள சொற்களைப் படித்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை அந்தப் பெட்டியில் வைக்கும். யாராவது அதைக் கிளிக் செய்தால் எனக்கு மூன்று ரூபாய். என் பக்கங்களில் கல்யாணம், மாப்பிள்ளை, பெண் என்பதைத் தவிர வேறு சொல்லே கிடையாது. இயந்திரம் என்ன வைக்கும்?

மார்கழி பிறந்ததும் சிதம்பரத்திலிருந்து ரத்தினம்மாள் ஃபோன் செய்தார். மாமா வீட்டுக்கு எதிர்வீடு. அவர் மகள் கல்யாணத்தை அப்போதுதான் போட்டிருந்தேன்.

"ஏம்ப்பா, எம்பொண்ணு தாலி கட்டிக்கிறா, கீழயே 'இன்னும் நல்ல மாப்பிள்ளை வேண்டுமா'ன்னு கேக்குறியே. சம்பந்தி பாத்தா என்னா ஆவறது?"

கால் மணி நேரம் விளக்கினேன். இயந்திரம், சொற்கள், மூன்று ரூபாய் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டவர், "அப்ப அத அமுக்குனா காசு ஒனக்கா?" என்றார்.

"ஆமாங்க அத்த."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன. சும்மா போட்டுக் குடுத்த புள்ளைக்கு நாங்க ஒண்ணும் செய்யலன்னு பேச்சு வரக்கூடாதில்ல."

மறுநாள் சொந்தக்காரர்கள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு அவர் தெற்கு வீதி பிரௌசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். வரிசையில் உட்கார்ந்து ஆளுக்கு இத்தனை என்று கிளிக் செய்து மொய் வைத்திருக்கிறார்கள். ஒரே மத்தியானத்தில் ஆயிரத்து நூறு கிளிக். மூவாயிரத்து முந்நூறு ரூபாய். அன்று சாயங்காலம் நான் லாபத்தில் இருந்தேன்.

காலையில் இல்லை. கிளிக் எந்த இணைப்பிலிருந்து வருகிறது என்பதையும் அந்த இயந்திரம் எண்ணும். ஒரே இணைப்பிலிருந்து ஆயிரத்து நூறு பேருக்கு நல்ல மாப்பிள்ளை தேவைப்படுவதை அது நம்பவில்லை. மோசடி என்று சொல்லி என் கணக்கையே அழித்துவிட்டார்கள். மொய் என்பதை விளக்கி நான்கு பக்கம் எழுதினேன். பதில் இல்லை.

போகியன்று மாமா வந்தார்.

"எவ்ளோ கொறையுது?"

"மூவாயிரத்து ஒண்ணு மாமா."

"அப்ப மொத்தமுமே கொறையுதுன்னு சொல்லு." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூடறதுக்கு முன்னால ஒரு தடவ ஓட்டிக் காட்டு. அப்பிடி என்னத்தத்தான் பாக்குறாங்கன்னு பாப்பம்."

ரத்தினம்மாள் வீட்டுக் கல்யாணத்தையே ஓட்டினேன். நம் ஊர் வீடியோக்காரர்கள் பந்தியை ஓர் இலை விடாமல் எடுப்பார்கள். மூன்றாம் பந்தியில் மாமா இருந்தார். இலையில் இரண்டு ஜாங்கிரி. பரிமாறுகிறவரைத் திரும்பக் கூப்பிட்டு மூன்றாவதும் வாங்கினார். நான்கு வருடமாக அவருக்குச் சர்க்கரை. வீட்டில் அத்தை வெல்லத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்.

"நிறுத்து" என்றார் மாமா. "இத எத்தினி பேரு பாத்திருக்காங்க?"

"முந்நூத்திப் பன்னெண்டு பேரு."

"ஒங்கத்த?"

"இன்னிக்கு ஆறு மணிக்கு இளமதி காட்டப் போறதா சொன்னுச்சு."

மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "அந்த எடத்த மட்டும் வெட்டிடேன்."

"வெட்டலாம் மாமா. ஆனா மறுபடி ஏத்தணும். எறங்குற வழி ரோடு மாதிரி, ஏறுற வழி சந்து மாதிரி. பதினெட்டு மணி நேரமாவும். அதுவரைக்கும் ஒரு பட்டன் அமுக்குனா மறைஞ்சிருக்கும்."

"அமுக்கு."

"ஆனா தளத்த மூடறோமே. மூடுனா ஒவ்வொரு வீட்டுக்கும் வெட்டாத வீடியோவ சிடி போட்டு அனுப்பிரணும். ரத்தினம்மா அத்த வீட்டுல சிடி பிளேயர் கெடையாது, எதுத்தாப்ல ஒங்க வீட்டு டிவியிலதான் போட்டுப் பாப்பாங்க."

மாமா சட்டைப் பையிலிருந்து ஆறு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார். ஒரு ரூபாய் நாணயத்தைத் தேடத்தான் கொஞ்ச நேரம் ஆனது. பட்டனை அமுக்கினேன். படம் மறைந்தது.

"சிப்காட்டுக்கு நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்" என்று எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"மாப்ள, வைகாசில ஸ்ரீமுஷ்ணத்துல ஒரு கல்யாணம் நடந்துச்சே. அதயும் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன் மாமா."

வந்து நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

"ஓட்டு, பாப்பம்."