நான்காவது சுற்று

ரொனால்ட் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தபோது இன்னும் கொஞ்சம் சேறு வந்தது. கறுப்பாக, பிசுபிசுப்பாக. மாமனார் வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் குந்தியிருந்தவன், இன்னொரு வாளித் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். காலையில் சைக்கிள் பந்தயத்தில் ஒட்டிய சேறு. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் காரில் போனபோதும், ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டி "இவர்தானா?" என்று கேட்டபோதும் அந்தச் சேற்றோடுதான் நின்றான். இப்போது மணி நாலு. முட்டியிலும் கழுத்து மடிப்பிலும் அது காய்ந்து வெடித்திருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தான். அழுக்கு போனது. நாற்றம் போகவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில், பழம் உதிர்ந்த வெற்றுக் குலைகளை மரத்தடியில் குவித்து வைத்திருப்பார்கள். அவை மழையில் ஊறி அழுகும் நாற்றம். புளித்த கள்ளும் செத்த எலியும் ஒன்றாய்க் கிடந்ததுபோல.

வலேரி துண்டோடு வந்து நின்றாள். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"போதுங்க. தோலு உரிஞ்சிரும்."

"இன்னும் நாறுது."

"அப்பாவ ஆறு மணிக்குக் கொண்டாந்திருவாங்களாம். ஹால்ல சோபாவ நவுத்தணும்." துண்டை அவன் தோளில் போட்டாள். பிறகு அவன் ஈரத்தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "நல்லவேளை, நீங்க கூட இருந்தீங்க. தனியா கெடந்து செத்தாருன்னா என்னால தாங்கியிருக்க முடியாது."

அவன் கையை நீட்டிக் குழாயைத் திறந்தான்.

திங்கள் முதல் சனிவரை விடியற்காலையில் மலேசியாவின் கெலாங் பாத்தாவிலிருந்து பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், கிடங்கு ஒன்றில் கண்டெய்னர்களை இறக்க ஆள் வைத்து வேலை வாங்கி, இருட்டியபின் வீடு திரும்புகிறவன் ரொனால்ட். இருந்தது ஒரு ஞாயிறு. அதையும் இரண்டு வருடங்களாகச் சைக்கிளுக்குக் கொடுத்திருந்தான். வலேரி சண்டை போட்டாள். அப்போதுதான் மாமனார் அமலநாதன், "நானும் தம்பிகூட போறேனே, சுகருக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்றாரு" என்றார். அறுபத்திரண்டு வயது. செனாய் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். அப்பாவோடு போகிறான் என்றதும் வலேரி வாயை மூடிக்கொண்டாள். மாமனார் வருவது ரொனால்டுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது. அதனால் ஒவ்வொரு ஞாயிறும் மாமனார் வீடு இருந்த கூலாய்க்கு வந்து அவரையும் அவருடைய பழைய சைக்கிளையும் காரில் ஏற்றிக்கொண்டான். ஓட்டுமிடத்துக்குப் போனதும் அவரை மறந்துவிடுவான்.

இந்த ஞாயிறு நடந்தது சைக்ளோகிராஸ் பந்தயம். கூலாயைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் வட்டம். புல், மணல், சேறு, குறுக்கே பலகைகள். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். ஆறு சுற்று. முதல் நாள் இரவெல்லாம் மழை. பாதை கஞ்சியாகக் கிடந்தது. அமலநாதன் முந்திப் போகிற ஒவ்வொருவனுக்கும் ஓரமாய் நின்று வழிவிட்டு, "சாரி, சாரி" என்றுகொண்டே வந்தார். இடிக்க வந்தவனிடமும் சாரி சொன்னார். ரொனால்டுக்குக் கூச்சமாக இருந்தது. பின்னாலிருந்து வந்து அவரை ஒருமுறை முந்தியபோது, தெரியாதவரைப்போல் கடந்துபோனான்.

நான்காவது சுற்றில் ரொனால்ட் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். இதுவரை பத்துக்குள்கூட வராதவன். பத்தடி பின்னால் ஒரு சீனப் பையன் மூச்சிரைக்கத் துரத்தினான். கால்வாயைத் தாண்டியதும் செம்மண் மேடு. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். பாதி மேட்டில் மாமனாரின் சைக்கிள் பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அவர் ஓரத்தில், வெட்டிப்போட்ட மட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. மேலுதட்டில் முத்து முத்தாய் வேர்வை.

"தண்ணி இருக்கா, தம்பி?"

ரொனால்டின் முதுகுப் பையில் பாட்டில் இருந்தது.

"சைக்கிள ஓரமா போடக்கூடாதா, மாமா?"

"சாரி, சாரி," என்றார் அவர். எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

"அடுத்த ரவுண்டுல தரேன்," என்று சொல்லிவிட்டு, அவருடைய சைக்கிளைக் காலால் எத்தித் தள்ளி, ரொனால்ட் மேலே ஏறிப்போனான்.

அடுத்த சுற்றில் அந்த இடத்தில் யாரும் இல்லை. சைக்கிளும் இல்லை. தொந்தரவு தீர்ந்தது என்றுதான் அவனுக்குத் தோன்றியது. அதை அவன் நன்றாக ஞாபகம் வைத்திருந்தான். மூன்றாவதாகவே முடித்தான். கோட்டைத் தாண்டியதும் பாட்டிலை எடுத்து, மிச்சமிருந்த தண்ணீரை அண்ணாந்து குடித்தான். அப்போதுதான் யாரோ ஓடிவந்து, "ப்ரோ, உங்க அங்கிள்" என்றார்கள். ஐந்தாவது சுற்றுக்கு முன்பே பந்தய ஆட்கள் அவரை மேட்டிலிருந்து தூக்கிப்போய், ஓரமாய்க் கிடத்தி, ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்திருக்கிறார்கள்.

ஆறரைக்குப் பெட்டி வந்தது. அமலநாதனுக்கு நீலக் கோட்டு போட்டிருந்தார்கள். கைகளில் ஜெபமாலையைச் சுற்றியிருந்தார்கள். நகக்கண்ணில் மட்டும் சேறு போகாமல் கறுப்பாக இருந்தது. அதை முதலில் பார்த்தவன் ரொனால்டுதான்.

வீடு நிறைந்தது. முன்னால் கூடாரம் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆட்கள் மீகூன் சேமியாவைத் தின்றுகொண்டே பாலத்துப் போக்குவரத்து நெரிசலைப் பற்றிப் பேசினார்கள். எண்ணெய் வழிந்த உதடுகள். வருகிறவர்கள் எல்லாரும் அவன் கையைப் பிடித்தார்கள். "பெத்த மகன் மாதிரி பக்கத்துல இருந்தியேப்பா," என்றார் ஒரு பெரியவர். ரொனால்ட் தலையை ஆட்டினான். ஒவ்வொரு தடவையும் ஆட்டினான்.

பந்தயத்தை நடத்திய மணியம், கிளப் ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். டவுனில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். வாசனைத் திரவியத்தை உடம்பெல்லாம் கொட்டிக்கொண்டு வந்திருந்தார். பெட்டியருகே நின்று சிலுவை போட்டுவிட்டு, ரொனால்டை வேலியோரம் கூட்டிப்போனார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"நீங்க வாங்காம போயிட்டீங்க. மூணாவது எடம்." பைக்குள் தங்கச்சாயம் பூசிய கோப்பை இருந்தது.

"இத எதுக்கு இங்க கொண்டாந்தீங்க?"

"ஒழைச்சு வாங்குனது லா, ப்ரோ. அங்கிள் பேருல அடுத்த வருஷம் ஒரு கப் வைக்கலாம்னு கமிட்டில பேசிருக்கோம். ரொம்ப ஸ்போர்ட்டிங்கான மனுஷன்." தொலைபேசியைத் திறந்து முடிவுப் பட்டியலைக் காட்டினார். ஆகக் கடைசியில் அமலநாதனின் பெயர். எதிரே, முடிக்கவில்லை என்று இருந்தது.

"ரேஸ ஏன் நிறுத்தல?" என்றான் ரொனால்ட். இவரை வெறுக்க முடிந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று இருந்தது.

மணியம் கூடாரத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆம்புலன்ஸ் லேட்டுன்னு செல பேரு பேசறாங்க. ஃபேமிலி கேஸு கீஸுன்னு போகாதில்ல? ஏன் கேக்குறேன்னா, அந்த மேட்டு மேல பாதையப் பாத்துக்குற நம்ம மார்ஷல் ஒருத்தரு நின்னாரு. நீங்க தாண்டிப் போனதப் பாத்திருக்காரு. சைக்கிள ஒதச்சத எல்லாம். நான் அவர வாயத் தெறக்காதீங்கன்னுட்டேன். நமக்குள்ள இருக்கட்டும், ப்ரோ."

கையை நீட்டினார். அந்தக் கை மெத்தென்று, ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அது தன் கைக்குள் இருந்ததை உணர்ந்தபோதுதான் ரொனால்டுக்குத் தான் கை கொடுத்துவிட்டது தெரிந்தது. அவர் போனபின் வேலியைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் வாந்தி எடுத்தான். கோப்பையை அப்படியே பையோடு குப்பைத் தொட்டிக்குள் போட்டான். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஜெபமாலைக்கு முட்டி போட்டான். வலேரி நகர்ந்து வந்து அவன் தோளில் சாய்ந்தாள்.

மறுநாள் காலை, பெட்டியை மூட இன்னும் மூன்று மணி நேரம் இருந்தபோது, மாமியார் டொரத்தி அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். வேறு யாரும் இல்லை. மேசைமேல் நேற்றைய மீகூனை மூடாமல் விட்டிருந்தார்கள். ஈ மொய்த்தது. அதை விரட்டக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"ஒக்காருங்க. ஒண்ணு கேக்கணும்," என்றார். "கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் பேசுனாரா?"

ரொனால்ட் உட்காரவில்லை.

"வர்றவங்கெல்லாம் கேக்குறாங்க. எனக்கும் தெரிஞ்சுக்கணும். என்னப் பத்தி ஏதும் கேட்டாரா?"

உங்களைத்தான் கேட்டார் என்று சொன்னால் போதும். சாகும்வரை அதை வைத்துக்கொண்டு அவர் இருந்துவிடுவார். அவன் வாயைத் திறந்தான். நேற்றுப் பிடித்த மணியத்தின் கையின் ஈரம் உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

"தண்ணி கேட்டாரு, அத்தை."

"குடுத்தீங்களா?"

"இல்ல."

டொரத்தி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"கையில இல்லியா?"

"இருந்துச்சு. பாட்டில்ல கொஞ்சம். பின்னால ஒருத்தன் வந்துக்கிட்டிருந்தான். அடுத்த ரவுண்டுல தரேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

"ஒக்காந்திருந்தாரா, படுத்திருந்தாரா?"

"ஒக்காந்திருந்தாரு. மொகம் சரியில்ல. பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

"அந்தத் தண்ணிய என்ன பண்ணுனீங்க?"

"முடிச்சதும் குடிச்சிட்டேன்."

ஹாலில் பெண்கள் பாட்டு ஆரம்பித்தார்கள். டொரத்தி மேசைமேல் இருந்த கைகளை மடிக்குள் எடுத்துக்கொண்டார். அவர் கத்துவார், அறைவார் என்று அவன் காத்திருந்தான். அப்படி நடந்தால் நல்லது என்றிருந்தது.

"வலேரிக்குத் தெரியுமா?"

"இல்ல. இன்னிக்கே சொல்லிடறேன்."

"சொல்லாத."

கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவர் அவனை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"அவ உன்னோட குடும்பம் நடத்தணும். ரெண்டு புள்ளைங்க இருக்கு. உனக்கு லேசாகணும்னு அவ தலையில எறக்கி வைக்காத. நீயே வச்சுக்க." எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, அவனைத் தொடாமல் சுவரோரமாய் நடந்து ஹாலுக்குப் போனார்.

மாதா கோயிலில் பாதிரியார், கடைசி நேரத்தில் ஒரு மகனின் இடத்தில் நின்ற மருமகனைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார். தலைகள் திரும்பின. வலேரி அவன் விரல்களை இறுக்கினாள். முன்வரிசையில் டொரத்தி பாட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைத் தூக்கும்போது முன்னால் வலப்பக்கத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. மாற்றிக்கொள்கிறாயா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றான்.

எல்லாம் முடிந்து, கல்லறையிலிருந்து திரும்பும்போது உறவினர்கள் டொரத்தியை அவன் காரின் முன் இருக்கையில் ஏற்றிவிட்டார்கள். வலேரி பிள்ளைகளோடு பின்னால் உட்கார்ந்தாள். கார் நகர்ந்ததும் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது.

"மம்மி, பெல்ட் போடுங்க," என்றாள் வலேரி.

டொரத்தி அசையவில்லை. கல்லறைத் தோட்டத்து வாசலில் காரை நிறுத்தி, ரொனால்ட் அவருக்காகப் பெல்ட்டை இழுக்கக் குறுக்கே கையை நீட்டினான். அவர் இருக்கையில் பின்னால் ஒதுங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"அவங்கள விடுங்க. பக்கம்தானே," என்றாள் வலேரி.

அவன் காரை மெயின் ரோட்டில் ஏற்றினான். மணி விடாமல் அடித்தது. சின்னவள் தாத்தா எங்கே என்று கேட்டாள். பிறகு மணியின் சத்தத்தோடு சேர்ந்து டிங், டிங் என்று பாட ஆரம்பித்தாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் ஒரு லாரி நின்றது. டொரத்தி தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கி, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.