முப்பத்தேழாவது நோயாளி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. என் வீட்டுத் துணிக்கொடியில் வந்து விழுந்தது. தென்னூரில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், எம்.பி.பி.எஸ். முடித்த இளம் டாக்டர்களை மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிற பயிற்சி மையம் ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் மாதிரித் தேர்வு. இருநூறு கேள்வி, மூன்றரை மணி நேரம். அவ்வளவு நேரமும் மேலே ஒரு நாற்காலிகூட நகராது. எனக்கு அந்த அமைதிதான் எரிச்சல். தூக்கமும் வராது, எழுத்தும் ஓடாது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஈரத் துண்டில் ஒட்டிக்கொண்டு ஒரு வினாத்தாள் பக்கம் கிடந்தது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன்:

'37. ஐம்பத்தெட்டு வயது ஆண். லால்குடி. மூன்று நாட்களாகக் கீழ்த்தாடையில் வலி. படியேறினால் கூடுகிறது, நின்றால் குறைகிறது. இப்போது நான்காவது படியில் நிற்கிறார். அடுத்து என்ன செய்வீர்கள்?'

நான்கு விடைகளில் 'இசிஜி எடுப்பேன்' என்பதற்குப் பென்சில் வட்டம். பக்கத்தில், அதே பென்சிலில், தமிழில் ஒரே சொல்: 'அப்பா?'

அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும், அதைப் போட்டது ஒரு பெண் என்று வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2

'மலைக்கோட்டையின் மேல் விடியல் சிவந்து பரவிய அந்த—'

சே! ஒரு பெண்ணுடைய அப்பாவின் உயிர் ஊசலாடும்போது விடியல் எந்த நிறத்தில் பரவினால் என்ன?

2 (மறுபடியும்)

அவள் பெயர் டெல்பின். நுழைவுத் தேர்வுக்கு உட்காருவது இது மூன்றாவது தடவை. வீட்டில் இதுதான் கடைசி என்று பேசி வைத்திருக்கிறார்கள். அப்பா பாக்கியநாதன் லால்குடிப் பள்ளிக்கூடத்தில் கிளார்க். மாதா கோவிலில் ஞாயிறு பூசைக்கு மாடியில் நின்று பாடும் பாட்டுக்குழுவின் கனத்த குரல் அவருடையது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினார். டெல்பின் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, காலையிலேர்ந்து தாடை வலிக்குதும்மா. பல்லுதான் போலருக்கு."

"ம்."

"கோவில்ல பாட்டு மாடிக்கு ஏறுனேன், இன்னும் புடிச்சுக்கிச்சு. செத்த நின்னேன், சரியாயிருச்சு."

"பல் டாக்டர்ட்ட காட்டுங்கப்பா. வச்சிரவா? நிறைய பாக்கி கிடக்கு."

கெட்ட பெண் இல்லை, தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள். வினாத்தாளில் வருகிற வலி சும்மா வராது, யாரோ வேண்டுமென்றே வைத்தது என்று இரண்டு வருடமாகப் பழகியவள். வீட்டில் வருகிற வலியை யாரும் வைப்பதில்லை. அதனால் அவள் காதில் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே வலி முப்பத்தேழாம் கேள்வியாக வந்தது. பத்தே விநாடி. நெஞ்சுக்குப் போகிற ரத்தம் குறைந்தால் தாடையில்கூட வலிக்கும். இசிஜி. வட்டம் போட்டாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பத்தொன்றில் பென்சில் நின்றது. அப்பாவுக்குச் சரியான விடை போட்டுவிட்டு அவரைத் தாண்டி வந்திருக்கிறாள்!

மணி ஒன்பது ஐம்பது. பத்து மணிக்குப் பூசை. பாட்டு மாடிக்கு இருபத்திரண்டு படி. (இருபத்திரண்டு என் கற்பனை. லால்குடியில் எந்தக் கோவில் படியையும் நான் எண்ணியதில்லை.)

போன்களெல்லாம் மேசைமேல் ஒரு துணிப்பைக்குள். பாதியில் எழுந்து போகிறவருக்கு மையத்தில் மறுபடி இடமில்லை. டெல்பின் எழுந்து போய், காவலிருந்த அழகர்சாமி சார் முன்னால் நின்றாள்.

"சார், ஒரு போன் பண்ணணும்."

"எத்தனாவது கேள்விம்மா?"

"முப்பத்தேழு."

"தெரிஞ்சதைக் குறிச்சுட்டல்ல? அடுத்ததுக்குப் போ."

"அது எங்கப்பா சார்."

அழகர்சாமி அவள் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அவருடையதில் முப்பத்தேழாம் கேள்வி ஒரு குழந்தையின் காய்ச்சலைப் பற்றியது.

(இந்தக் கடைசி வரியை நான் யோசிக்கவே இல்லை. கை எழுதிவிட்டது. படித்துப் பார்த்து எழுந்து ஃபேனை நிறுத்தினேன். குளிர்கிற மாதிரி இருந்தது.)

3

பயந்துதான் போனேன், மறைப்பானேன்? சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். உத்திர வீதியில் டாக்டர் ரங்கநாதன் இருக்கிறார். இப்படிப்பட்ட மையங்களுக்குக் கேள்வி தயாரித்துக் கொடுப்பவர். போகிற வழியிலேயே போனில் கேள்வியையும் அதை வைத்து நான் எழுதியதையும் சொல்லிவிட்டிருந்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் படித்தார்.

"நாங்க பேர் போட மாட்டோம், ஊரும் போட மாட்டோம். 'இப்போது'ன்னு ஒருத்தரும் எழுத மாட்டா. கேள்விக்குள்ளே ஏது சார் இப்போ?"

"அப்ப இதை யார் எழுதினது?"

"அது கிடக்கட்டும். நீங்க நாலாவது படின்னு சொன்னேளே, இதுல ஏழுன்னா போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். ஏழு. இன்னொன்றும் இருந்தது: இருபத்திரண்டு படிகளில் ஏழாவது என்று. நான் வீட்டில் உட்கார்ந்து கற்பித்த கணக்கு, அச்சில்.

"ரங்கநாதன், நான் முடிவு எழுதிட்டா இவர் ஏறுறது நின்னுடுமா?"

அவர் தாளைத் திருப்பித் தந்தார். "கேள்வி போட்டவாளே விடை குறிச்சா செல்லாது. இந்தத் தொழில்ல அதான் முதல் விதி. வேற யாராவதுதான் குறிக்கணும்."*

* 'படி எல்லாம் நீங்க போட்டதுதானே?' என்று வாசல்வரை வந்து கேட்டார்.

4

விதியாவது ஒன்றாவது என்று வீம்புக்கு எழுதிப் பார்த்தேன்.

அ) டெல்பின் பையைப் பறித்துப் போனை எடுத்தாள். நான்காவது மணியில் அப்பா குரல். "உக்காருங்கப்பா. அந்தப் படியிலயே உக்காருங்க. பாட வேண்டாம்!" அவளுடைய இடம் போயிற்று.

எழுதி முடித்து நிம்மதியாகப் படுத்தேன். காலையில் தாளில் பன்னிரண்டு.

ஆ) டெல்பின் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். இருநூறையும் முடித்தாள். ராங்க் வந்த அன்று லால்குடியில் யாரும்—

முடியவில்லை. என்னால் எழுத முடியவில்லை. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

சரி, வெறுமனே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். தப்பாகக் குறித்தால் மார்க் கழியும், குறிக்காமல் விட்டால் ஒன்றும் கழியாது என்பது மேலே எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஒரு நாள் விட்டேன். பதினாறு. இன்னொரு நாள். பதினெட்டு. தாளை அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்தேன், அப்போதும் ஏறினார்.

5

டெல்பின் மேசை முன்னால் நிற்கிறாள். துணிப்பை கையெட்டும் தூரம். அழகர்சாமி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், தடுப்பாரா, தெரியாது. அவளுக்கு இன்னும் நூற்றறுபது கேள்வி இருக்கிறது. அப்பாவோ சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெதுவாகக் காலைத் தூக்கி வைக்கிற ஆள்.

நான் குறித்தால் செல்லாது. அதனால்தான் இவ்வளவையும் உங்களிடம் சொன்னேன், கதை சொல்லும் ஆசையில் இல்லை. அ-வா, ஆ-வா? மனசுக்குள் வட்டம் போட்டாலும் போதும், ஆனால் போடுங்கள்.

நீங்கள் முதல் வரியைப் படிக்கும்போது இருபதாவது படியில் இருந்தார். இப்போது தாளைப் பார்த்தேன். இருபத்தொன்று.