காத்திருந்த காவலர்கள்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ‘எதிரி’ என்றாகிவிட்டது. ஆளைப் பார்த்தால் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத முகம். ஆனால் செய்கிற வேலை அப்படி. அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த கணினி விளையாட்டில், எங்கோ ஒரு கோளைச் சுற்றும் பாழடைந்த சுரங்க நிலையத்துக்குள் ஆடுபவர் தனியாக மாட்டிக்கொள்வார். திரையில் தெரிவதெல்லாம் அவர் கண்ணுக்கு எதிரே இருப்பதும், அவர் கையிலிருக்கும் துப்பாக்கியின் முனையும்தான். வளைவுக்கு வளைவு இயந்திரக் காவலர்கள் வந்து சுடுவார்கள். அந்தக் காவலர்கள் எங்கே ஒளிய வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எவ்வளவு நேரம் கழித்துச் சுட வேண்டும் என்பதையெல்லாம் எழுதுகிறவன் இவன். வருடக்கணக்கில் இதே பிழைப்பு. வீட்டில் யாராவது கதவைத் திறந்தால்கூட, இந்த இடத்தில் நின்றால் குறி சரியாக விழுமா என்றுதான் முதலில் தோன்றும். பாவம், அந்த அளவுக்கு மூளை மழுங்கிப்போயிருந்தது.

வெளியீட்டுத் தேதி இரண்டு முறை தள்ளிப்போய், புதிய தேதி கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த சமயம். அலுவலகத்தில் எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே கருவளையம். காபி இயந்திரம்கூட முனகிக்கொண்டுதான் ஊற்றியது. அப்படிப்பட்ட நாளில், பத்திரிகைகளில் விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிற சிலரை நிர்வாகி அழைத்துவந்து உட்காரவைத்தார். அவர்கள் ஆடினார்கள். காவலர்கள் வளைவிலிருந்து வந்தார்கள், துப்பாக்கியைத் தூக்கினார்கள், அப்புறம் அப்படியே நின்றார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளி செருப்பைக் கழற்றி முடிக்கட்டும் என்று நிற்பதுபோல அப்படி ஒரு மரியாதை. வந்தவர்களில் ஒருவர் வாய்விட்டே சிரித்தார்.

“இவ்வளவு நல்லவங்களை எப்படிங்க சுட மனசு வரும்?”

நிர்வாகி பல்லைக் காட்டி அவர்களை வழியனுப்பினார். மறுநாள் காலை வந்ததும் வராததுமாக இவன் மேஜைக்கு வந்து நின்றார்.

“மானம் போச்சுப்பா. நம்ம ஆளுங்க ஆடினா இந்தக் காவலனுங்க குதறி எடுக்கிறானுங்க. வெளியாள் வந்தா மட்டும் ஏன் கைகட்டி நிக்கிறானுங்க?”

“பார்க்கிறேன் சார்.”

“பார்த்துக்கிட்டே இருக்காதே. மத்தியானத்துக்குள்ள சரியாகணும். சாயந்தரம் வேற ஆளுங்க வர்றாங்க.”

பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியும். அது அவன் நிரலில் வைத்த வரி. அக்காவுக்காக வைத்தது.

அக்கா பஸ் ஓட்டுகிறவள். அவள் ஓட்டுகிற பஸ்ஸில்தான் இவன் கல்லூரிக்குப் போய்வந்தான். தம்பி என்று எந்தச் சலுகையும் கிடையாது. ஒருநாள் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிட்டான்; அவனை ஒரு பார்வை பார்த்து, அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனவள் அவள். போன வருடம் நரம்பைத் தாக்கிய ஒரு காய்ச்சல் அவளை ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டது. பிழைத்து எழுந்தாள். கால்கள் சரியாயின. வலது கை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. டம்ளரை எடு என்றால், யோசித்துப் பார்த்துவிட்டு எடுக்கும்.

விரல்களுக்கு ஏதாவது வேலை கொடுங்கள், விளையாட்டு மாதிரி இருந்தால் நல்லது என்று பிசியோதெரபி செய்கிற பெண் சொன்னாள். விளையாட்டுக்கா பஞ்சம்? அவன் அலுவலகப் பிரதியை வீட்டுக் கணினியில் போட்டுக்கொடுத்தான். முதல் நாள் அக்கா நிலையத்தின் முதல் நடைக்கூடத்தைத் தாண்டவே இல்லை. மவுஸைத் திருப்புவதற்குள் செத்துப்போனாள். மறுபடியும் செத்தாள். மறுபடியும். பிறகு எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் அவள் அழுவது அவனுக்குக் கேட்டது. அவள் அழுது அவன் பார்த்ததே கிடையாது.

மறுநாள் அலுவலகத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தான். ஆடுபவரின் கை திரும்ப நேரமானால், அது திரும்பி முடிகிறவரை காவலன் சுடாமல் காத்திருப்பான். அவளுக்கென்று தனிப் பிரதி ஒன்று எடுத்து வைத்திருக்கலாம். அதைக் கட்டி மேய்க்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? பொதுப் பிரதியிலேயே போட்டுவிட்டான். தினமும் மத்தியானம் அலுவலகத்தின் புதுப் பிரதி வீட்டுக் கணினிக்குத் தானாக வந்து சேரும். அலுவலகத்தில் யாருக்கும் தெரியவராது என்று நம்பினான். அங்கே எல்லோரும் அதே நடைக்கூடத்தில் ஆடி ஆடி, கண்ணைக் கட்டிவிட்டாலும் சுடுகிறவர்கள். அவர்கள் வேகத்துக்கு அந்த வரி விழித்துக்கொள்ளவே இல்லை. ஊர் உலகத்தில் சாதாரண மனிதர்களின் கை அவ்வளவு வேகமாகத் திரும்பாது என்பது, மாதக்கணக்கில் ஒருவர் முகத்தையே ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. இவனுக்கும்தான்.

அன்று சாயங்காலம் அக்கா முதல் காவலனை வீழ்த்தினாள். “டேய், விழுந்துட்டான்டா!” என்று அவள் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கியது. தலை வாரிக்கொண்டாள். தினமும் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்தில் உட்கார்ந்தால், வரிசையாகக் காவலர்களைச் சாய்த்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒருநாள் டிப்போவுக்கே போய், என் கை சரியாகிவிட்டது, ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். இதுதான் கடைசி வாய்ப்பு, தவறினால் ஓட்டுநர் இருக்கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். அந்தத் தேர்வு நாளைக் காலை.

அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவன் தினமும் நினைத்தான். தினமும் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தான். களைப்பைப்போல நல்ல சாக்கு உலகத்தில் வேறு கிடையாது.

நிர்வாகி போன கையோடு அவன் அந்த வரியை நீக்கியபோது, பக்கத்து மேஜையிலிருந்து ‘புகார்’ எட்டிப் பார்த்தாள். விளையாட்டைச் சோதித்துக் குறை சொல்வது அவள் வேலை. அதனால் அந்தப் பெயர்.

“இதை யார் சார் போட்டது?”

“நான்தான்.”

“எதுக்கு?”

“தூக்கத்துல போட்டிருப்பேன்.”

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அங்கே யாரும் எதையும் தூக்கத்தில் செய்திருக்கக்கூடும்.

மத்தியானத்துக்கு முன்னால் அக்காவுக்குப் போன் செய்து, இன்றைக்கு ஆடாதே என்று சொல்ல நினைத்திருந்தான். நிர்வாகி கூட்டம் போட்டார். கூட்டம் இழுத்தது. வெளியே வந்து கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“சாயந்தரம் ஆளுங்க வர்றாங்க, நீ எங்கே கிளம்பிட்டே?” என்றார் நிர்வாகி.

“காவலனுங்க இருக்கானுங்க சார். இனிமே நிக்க மாட்டானுங்க.”

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பின்னால் நின்றான். சந்திலிருந்து ஒரு சைக்கிள் திடீரென்று குறுக்கே வந்தது. ஓட்டுநரின் கை ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பி, மறுபடி நேராக்கியது. அவர் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. அந்தக் கை யோசிக்கவே இல்லை.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அக்கா கணினியின் முன்னால் இருந்தாள். திரை முழுக்கச் சிவப்பு. செத்தால் அப்படித்தான் ஆகும். அவள் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டிலின் மேல் ஒரு பை. போன வருடம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே பை. அதன் வாயில் துண்டும் பல் துலக்கும் பிரஷும் தெரிந்தன.

“போச்சுடா,” என்றாள். “கை மறுபடியும் போச்சு.”

“அக்கா…”

“நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. இன்னைக்கு உட்கார்ந்தா ஒருத்தனைக்கூட அடிக்க முடியல. திருப்பறதுக்குள்ள செத்துப்போறேன். முதல்ல இப்படித்தானே இருந்தேன்? அந்தக் காய்ச்சல் திரும்ப வந்துடுச்சுடா. ஆஸ்பத்திரில நாளைக்குக் காலையிலேயே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க.”

பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் அவனுக்குத் தோன்றத்தான் செய்தது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள், தேர்வுக்குப் போகமாட்டாள், இவன் குட்டு வெளிப்படாது. ஆனால் அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி இருக்க அவனால் முடியவில்லை.

“காய்ச்சல் எதுவும் வரலைக்கா. உன் கை நேத்து எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அவனுங்க உனக்காகக் காத்துக்கிட்டிருந்தானுங்க. உன் கை திரும்பற வரைக்கும் சுடக்கூடாதுன்னு நான்தான் எழுதி வெச்சேன். இன்னைக்கு எடுத்துட்டேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அடக்கிவைத்திருந்த மூச்சு நீளமாக வெளியே வந்தது. “அப்போ நோய் வரலையா?” என்றாள். “வரல” என்றான். “அப்பாடா” என்று நெஞ்சில் கைவைத்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மிச்சம் அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“எப்போலேர்ந்து?”

“ரெண்டாவது நாள்லேர்ந்து.”

“அந்த முதல் ஆளு? நான் கத்தினேனே?”

“அவனும்தான்.”

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“நாளைக்குத் தேர்வுல தப்பித்தவறி ஜெயிச்சிருந்தா, அடுத்த நாள் வண்டி நிறைய ஜனத்தை ஏத்தியிருப்பேன்டா. குறுக்க வர்றவன் எனக்காகக் காத்திருப்பானா?”

“நீ அழுததைத் தாங்க முடியலக்கா.”

“அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்காக என்னை முட்டாளாக்குவியா?”

அக்கா எழுந்து பையிலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டாள். பிரஷைக் குளியலறையில் வைத்துவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வரவில்லை என்றாள். அதற்குப் பிறகு டிப்போவுக்குச் செய்தாள். “கை இன்னும் வரலைங்க. இல்லைங்க, தேதி தள்ள வேண்டாம். என் வண்டியை வேற யாருக்காவது கொடுத்துடுங்க.” குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அவன் காலணியைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான். அவள் அந்த இருக்கைக்குத் திரும்ப எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அக்கா மறுபடியும் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். செத்தாள். தொடங்கினாள். செத்தாள். காவலர்கள் இரக்கமே இல்லாமல் சுட்டார்கள். அவன் அவ்வளவு நன்றாகத்தான் அவர்களை எழுதியிருந்தான். திரை சிவப்பாவதையும் வெளுப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தவன், மாதக்கணக்கான தூக்கம் அமுக்க, அப்படியே சாய்ந்துவிட்டான்.

“விழுந்துட்டான்.”

அவன் திடுக்கிட்டு விழித்தான். ஜன்னலில் வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. அக்கா ஆட்டத்துக்குள் நடைக்கூடத்துப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கி, காவலன் எந்த வளைவில் வருவானோ அங்கே முன்கூட்டியே குறிவைத்துக் காத்திருந்திருக்கிறாள். கையைத் திருப்ப வேண்டிய வேலையே இல்லாமல் செய்திருக்கிறாள். திரையில் காவலன் ஒருவன் குப்புறக் கிடந்தான். தம்பிக்குத் தூக்கம் போய், உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் பரவியது.

“அக்கா! அடிச்சுட்டியா!”

அவள் கூச்சல் போடவில்லை. திரையையும் பார்க்கவில்லை. நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

“நீ ஏதாவது பண்ணினியா?”

“இல்லக்கா.”

“ஆபீசுக்குப் போன் பண்ணி யார்கிட்டயாவது சொன்னியா?”

“சத்தியமா இல்லக்கா. தூங்கிட்டேன்.”

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டிக்கெட் எடுக்காமல் ஏறியபோது பார்த்த அதே பார்வை. அப்புறம் திரும்பி, ஜெயித்த ஆட்டத்தை அழித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.