சும்மா உட்காருவதற்கு ஒரு தேர்வு

துறுதுறுவுக்கு அன்று காலை தன் கைகளை நினைத்துத்தான் பயம். படித்தது, எழுதியது எல்லாம் போகட்டும். இந்த இரண்டு கைகளும் நாற்பது நிமிடம் சொன்ன பேச்சுக் கேட்டுக் கிடக்க வேண்டும். கிடக்குமா? பதினொரு வருடம் மழலையர் பள்ளியில் மூக்குத் துடைத்து, பொத்தான் மாட்டி, பென்சில் சீவிப் பழகிய கைகள். கூடப் படிப்பவர்கள் சும்மாவா அவளுக்கு அப்படிப் பெயர் வைத்தார்கள்?

வளர்ச்சியில் தாமதம் உள்ள சின்னக் குழந்தைகளின் வீட்டுக்கே போய், அந்தக் குடும்பத்துக்குத் துணை நிற்கிற வேலைக்கு அவள் ஒன்றரை வருடமாகப் பயிற்சி எடுக்கிறாள். முதல் நாள் சொல்லிக்கொடுப்பதும் கடைசி நாள் சோதிப்பதும் ஒரே விஷயம்தான். குழந்தைக்கு நீ செய்யாதே, அதைப் பெற்றவர்கள் செய்யும்படி பார்த்துக்கொள். நீ வாரத்துக்கு ஒரு மணி நேரம் வந்து போகிறவள், மிச்ச நேரமெல்லாம் அவர்கள்தானே இருக்கப்போகிறார்கள்? கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்!

போன மாதம், இன்று போகிற இதே வீட்டில்தான் முதல் தடவை தேர்வு நடந்தது. இரண்டே முக்கால் வயதுப் பெண் குழந்தை. பேச்சு இல்லை, விரல் நீட்டிக் காட்டுவது இல்லை, யார் முகத்தையும் பார்ப்பதும் இல்லை. எது வேண்டுமானாலும் பக்கத்தில் இருக்கிற பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தப் பொருளின் மேல் வைக்கும். கைக்கு மேலே ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அதற்கு ஒரு பொருட்டில்லை. துறுதுறு அன்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சோப்புக் குமிழி ஊதி ஊதி ஆறே நிமிடத்தில் குழந்தையைத் தன் முகத்தைப் பார்க்க வைத்துவிட்டாள். குழந்தையின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். துறுதுறுவுக்குத் தலைகால் புரியவில்லை.

தேர்வு வைக்க வந்த அம்மையார் மட்டும் அசையவில்லை. மாணவிகள் அவருக்குச் ‘சிவப்புப் பேனா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் படிவத்தின் கடைசிக் கேள்வியைக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டார். இன்று உங்கள் குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அந்தப் பெண் ஒரு நொடிகூட யோசிக்காமல் துறுதுறுவைக் கைகாட்டினாள். இவங்கதான், எனக்கெல்லாம் இது வராது என்றாள். அதோடு கதை முடிந்தது. துறுதுறு தேறவில்லை. பாராட்டால் வாங்கிய அடி என்பதால் அது இன்னும் வலித்தது.

ஒரே ஒரு மறுவாய்ப்புதான், அது இன்றைக்கு. இதிலும் தோற்றால் பயிற்சியிலிருந்தே வெளியே போக வேண்டும், குழந்தை வேறொருவரிடம் போகும். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து வந்து போன வீடு அது. இன்னொரு புது ஆள் வந்தால் கதவையே திறக்கமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்தான் அவள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், எதற்கு மதிப்பெண் என்று வீட்டாரிடம் மூச்சுவிடக் கூடாது. அது விதி. அந்த அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம், வீட்டுக்கு வருகிற இந்த அக்கா போன தடவை தோற்றுவிட்டாள், இந்தத் தடவை எப்பாடுபட்டாவது அக்காவைத் தேற வைக்க வேண்டும் என்பதுதான். அந்த நல்ல மனசுதான் துறுதுறுவுக்கு வில்லங்கம்.

எந்த நேரத்தில் பழக்குவது என்று துறுதுறுவும் அந்த அம்மாவும் போன வாரமே பேசி முடிவு செய்திருந்தார்கள். குழந்தைக்கு உலகத்திலேயே பிடித்தது குளியலறைக் குழாயில் கொட்டுகிற தண்ணீர். குழாயின் திருகு இறுக்கமானது, குழந்தையால் திருப்ப முடியாது. அம்மா குழாயைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்டு, மூடி, தன் முகத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேராக இறக்கி, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும். குழந்தை ஒரு பார்வை பார்த்தாலும் சரி, ஒரு சத்தம் கொடுத்தாலும் சரி, அதைக் கேட்டதாக எடுத்துக்கொண்டு உடனே திறக்க வேண்டும். பழகிப் பார்த்த இரண்டு தடவையும் அந்த அம்மா மூன்றுக்கு மேல் எண்ணவில்லை. குழந்தை சிணுங்கினாலே அவள் கை திருகுக்கு ஓடிவிடும். சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாரே என்று அவளுக்கு எப்போதும் பயம்.

சிவப்புப் பேனா குளியலறை வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். துறுதுறு உள்ளே சுவரோரம் ஒரு குட்டி முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டாள். வாய் பேசலாம். கைதான் ஆகாது.

முதல் தடவை அம்மா குழாயை மூடியதும் குழந்தை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருகின் மேல் வைத்தது. அம்மா நான்குவரை தாக்குப்பிடித்தாள். குழந்தை வீறிட்டது. குழாய் திறந்துவிட்டது. வெளியே பேனா கீறுகிற சத்தம் கேட்டது.

நாலு வரைக்கும் வந்துட்டீங்களே, போன வாரம் மூணுதானே என்று துறுதுறு மெதுவாகச் சொன்னாள். அம்மா தலையாட்டினாள். ஆனால் அவள் கண் வாசல் பக்கமே போய்ப் போய் வந்தது. இரண்டாம் தடவை ஐந்து. மூன்றாம் தடவை தரை அதிர்ந்தது, கீழ்வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார். அம்மாவின் முகம் வெளுத்தது. சட்டென்று குழந்தையைத் தூக்கித் துறுதுறுவின் முன்னால் நிறுத்தினாள்.

“நீங்களே பண்ணிக் காட்டுங்கக்கா. உங்ககிட்டன்னா செய்வா. அவங்களும் பாக்கட்டும்.”

அடிப்பாவி மகளே, என்னைக் காப்பாற்றுகிறேன் என்று குழியில் தள்ளுகிறாயே! துறுதுறு அதை மென்று விழுங்கினாள். மதிப்பெண் நான் செய்வதற்கு இல்லை, நீ செய்வதற்குத்தான் தாயே என்று கத்திவிடலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகும், அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லக் கூடாது.

“நான் இங்கயேதான் இருக்கேன். நீங்க இன்னொரு தடவை பண்ணுங்க. கீழ இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும், நான் இறங்கிப் போய்ப் பேசிக்கிறேன்.”

அம்மாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இருந்தாலும் குழந்தையைக் குழாயடிக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். திறந்தாள். தண்ணீர் கொட்டியது, குழந்தை இரண்டு கைகளையும் நீட்டிக் குதித்தது. மூடினாள். ஈரத் தரையில் மண்டியிட்டு முகத்தை இறக்கினாள். இந்தத் தடவை உதடு அசைய எண்ணினாள். ஐந்து. ஆறு.

ஏழு என்னும்போது குழந்தை அம்மாவின் மணிக்கட்டை விட்டுவிட்டது. திரும்பி, ஈரக் காலோடு நேராகத் துறுதுறுவிடம் வந்தது. அவள் கையைத் தேடியது. கை தொடைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. இழுத்துப் பார்த்தது, வரவில்லை. அப்போதுதான் குழந்தை தலையை நிமிர்த்தி அவள் கண்ணுக்குள் பார்த்து, “ம்” என்றது.

இத்தனை மாதத்தில் இந்தப் பிள்ளை வாயைத் திறந்து ஒருவரிடம் கேட்டது இதுதான் முதல் தடவை, அதுவும் துறுதுறுவிடம். கேட்டால் உடனே கொடுக்க வேண்டும், கேட்டும் கிடைக்காத பிள்ளை இனி ஏன் கேட்கப்போகிறது? எழுந்து குழாயைத் திறந்தால் தேர்வு போயிற்று. திறக்காவிட்டால் இந்த “ம்” போயிற்று. கை தொடைக்கு அடியிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. அவள் தேர்வைக்கூட அப்போது நினைக்கவில்லை. அங்கே மண்டியிட்டிருந்தவளின் முகத்தைத்தான் பார்த்தாள். பிள்ளை தன்னைத் தாண்டி இன்னொருத்தியிடம் போய்க் கேட்டதைப் பார்த்துவிட்டு, வலிக்காததுபோல் சிரிக்க முயன்றுகொண்டிருந்த முகம் அது.

அவள் கையை மறுபடியும் அடியில் தள்ளினாள். குழந்தையின் கண்ணை ஒரு நொடி நன்றாகப் பார்த்தாள். பிறகு தன் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள்.

குழந்தை அவள் முகத்தைப் பார்த்தது. அவள் எதைப் பார்க்கிறாள் என்று தானும் திரும்பியது. அங்கே அம்மா இருந்தாள், கன்னத்தில் ஒட்டிய ஈர முடியோடு, திருகின் மேல் கை வைத்தபடி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழந்தை மறுபடியும், “ம்” என்றது.

அம்மாவின் கை திருகைத் திருப்பவே இல்லை.

“உங்களத்தான் கேக்குறா,” என்றாள் துறுதுறு.

திருகு திரும்பியது. தண்ணீர் கொட்டியது. குழந்தை அம்மாவிடம் ஓடிப்போய்க் கையை நீட்டிச் சிரித்தது. அம்மா அழுதுகொண்டே மூடினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே மூடினாள், எண்ணினாள். நான்கு வருவதற்குள் குழந்தை அவள் முகத்தைப் பார்த்து “ம்” என்றது. அப்புறம் இன்னொரு தடவை. கீழ்வீட்டுக்காரர் இடித்துக்கொண்டேதான் இருந்தார், அந்த அம்மாவுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை.

நாற்பது நிமிடம் முடிந்தது. குழந்தையைக் குளியலறைக் கதவருகே வாளியோடு விளையாட விட்டுவிட்டு மூவரும் வெளியே உட்கார்ந்தார்கள். சிவப்புப் பேனா படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். துறுதுறு தன் மரத்துப்போன கைகளை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டாள். அம்மா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். நன்றி சொல்வாள், அக்காதான் எல்லாம் என்பாள். அவ்வளவு நல்ல பெண். அந்த நல்லதனத்தாலேயே இரண்டாம் தடவையும் தோற்கப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு உங்க குழந்தைக்கு யாரு சொல்லிக்கொடுத்தாங்க?”

அம்மா துறுதுறுவைப் பார்த்தாள், தன் ஈரக் கையைப் பார்த்தாள். தப்பாகச் சொல்லி அக்காவைக் கெடுத்துவிடுவோமோ என்கிற பயம் அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பொய் வரவில்லை.

“நான்தான்,” என்றாள். “இவங்க சும்மாதான் உக்காந்திருந்தாங்க.”

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இல்லை இல்லை, அக்கா நல்லாத்தான் பண்ணாங்க, அப்படிச் சொல்ல வரலை என்று தடுமாறினாள். சிவப்புப் பேனா அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார். அவள் சொன்னதைச் சொன்னபடியே, ஒரு எழுத்து விடாமல் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

குளியலறையிலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, இன்னும் உரக்க. பதினொரு வருடப் பழக்கம், துறுதுறு எழுந்தே நின்றுவிட்டாள்.

“நீங்க உக்காருங்கக்கா. என்னைத்தான் கூப்பிடுறா,” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனாள்.

துறுதுறு உட்கார்ந்தாள். உட்கார் என்று ஒருவர் சொல்லி அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது.