மணி அடித்த பிறகு வருகிறவள்

"அக்கா, நீ பார்த்த படத்துல ஒரு கதை சொல்லேன்."

"ஒரு பொண்ணு மழையில அழுதுக்கிட்டே ஓடி வருது. அவன் கிளம்பின ரயில்லேருந்து குதிச்சு இறங்கிடறான். ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சுக்கறாங்க."

"அது எதுக்கு அழுவுது?"

"எனக்கெப்படிடா தெரியும்? நான் உள்ள போறப்பவே அழுதுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

தம்பி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரிப்பான். "எந்தப் படத்துல யாரு சாவறா, யாரு யாரைக் கட்டிக்கறான்னு கேட்டா டக்கு டக்குன்னு சொல்லிடுவே. ஏன்னு கேட்டா மட்டும் முழிப்பே. தியேட்டர்ல வேலை பார்க்கறேன்னு வெளிய சொல்லிக்காதக்கா, என் மானம் போகும்."

"போடா, பெரிய இவன்!"

தம்பி இருந்தவரை அந்த ஒற்றை அறை வீட்டில் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் கழியும்.

அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. தியேட்டர் முதலாளி போட்ட சட்டம் அப்படி. படம் முடியப்போகும் சமயத்தில் ஆபரேட்டர் அறையிலிருந்து ஒரு மணி அடிக்கும். கூட்டிப் பெருக்கும் பெண்கள் அதுவரை கழிப்பறையை ஒட்டிய நடையில்தான் நிற்க வேண்டும். மணி கேட்டதும் உள்ளே போய்ச் சுவரோரமாகத் துடைப்பத்தோடு காத்திருந்து, விளக்கு எரிந்ததும் குனிய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றோடு வேலை போச்சு. ஆபரேட்டர் அவளுக்குக் 'கடைசி ரீல்' என்று பெயர் வைத்திருந்தார். ரீல் என்கிற சாமானே உலகத்தை விட்டு ஒழிந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை.

தம்பியைக் கல்குவாரி தின்றுவிட்டது. முந்தின நாள் வெடிக்காமல் போன மருந்து பாறைக்குள் அப்படியே கிடக்க, அதன் பக்கத்திலேயே துளை போடச் சொல்லி அவனை இறக்கினார்கள். சாக்கில் கட்டிக் கொடுத்ததை அவள்தான் கைநீட்டி வாங்கினாள். கனமே இல்லை. "குடிச்சிட்டு வேலை செஞ்சான்" என்றான் குவாரி மேனேஜர். டீயைக்கூட நாலு தரம் ஆற்றிக் குடிக்கிற பிள்ளையை!

திரைப்பட விழா தொடங்கும் நாள். கிழக்கு வெளுக்கும்போது அவள் முழங்காலிட்டு நாற்காலிகளின் அடியில் ஊர்ந்துகொண்டிருந்தாள். ஒட்டிக் காய்ந்த பபிள்கம்மைக் கத்தியால் சுரண்டினாள். வௌவால் எச்சத்தைப் பினாயில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்தாள். கண் எரிந்தது. விரல் நுனிகள் வெந்த தோலாக வெளுத்துச் சுருங்கின.

விழாவை நடத்தும் அம்மாள் கழுத்தில் சுருள் சுருளாக ஒயரை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். எந்தத் தியேட்டரும் தொடாத படங்களாகத் தேடி எடுத்து, பார்க்க ஆள் பிடித்து, ஆண்டுதோறும் இப்படி ஒரு விழா நடத்துவதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். கூடவே குவாரியைப் பற்றிப் படம் எடுத்த பெண், தூக்கமில்லாத கண்களோடு வந்தாள்.

"மூணு விழாவுல வேணாம்னுட்டாங்கம்மா. இங்கேயும் யாராவது வருவாங்களா?"

"படம் எடுக்கறது பாதி வேலைதான்டி. பார்க்க வேண்டியவங்களைக் கூட்டிட்டு வர்றது மீதி. குவாரிக் குடிசைகளுக்கு நானே போய்ச் சொல்லிட்டேன். லாரியும் பேசியாச்சு. நீ போய் முதல்ல முகம் கழுவு, பேய் மாதிரி நிக்காதே."

அவள் கீழிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து ஒரு வார்த்தை கேட்கப் போனாள், வழக்கம்போல் அடுத்த நாற்காலிக்கு அடியில் நகர்ந்துவிட்டாள்.

அந்தப் படத்தில் தம்பி இருக்கிறான். அவன் உயிரோடு இருந்த நாளில் தொடங்கிய படம். விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையாக அதை ஓட்டிப் பார்த்தார்கள். மணி அடித்தது. அவள் போனபோது திரையில் தண்ணீர் தேங்கிய ஒரு பள்ளமும், கரையில் கவிழ்ந்து கிடந்த செருப்பும்தான் இருந்தன. பிறகு பெயர்கள் ஓடின.

"முதல்ல வர்றதே உன் தம்பிதான்" என்று ஆபரேட்டர் மட்டும் காதோடு சொன்னார். "வாயைத் திறந்ததும் உன்னைப் பத்திதான் பேசறான்."

"என்ன சொல்றான்?"

"நான் சொன்னா நல்லாருக்குமா? அவன் வாயால நீயே கேளு. அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு, ஒரு சீட்டு குடுக்கமாட்டாங்களா?"

எப்படிச் சொல்வாள்? குவாரிக்காரர் தியேட்டர் முதலாளியின் மச்சான். செத்தவனின் அக்கா இங்கேதான் துடைப்பம் பிடிக்கிறாள் என்று தெரிந்தால் மறுநாள் துடைப்பமும் கையில் இருக்காது. அதைவிட, ஆண்டுக்கணக்காக நடையில் நின்று நின்று, ஆசை என்று ஒன்றைக் கேட்க அவள் வாய்க்கே பழக்கமில்லை.

வெயில் ஏறியதும் முதலாளி வந்தார். சந்தன வாசனை முதலில் வந்தது, பின்னால் அவர்.

"அந்தக் குவாரிப் படம் ஓடக்கூடாது."

"இன்னைக்கு மதியம் ஓடுது சார்" என்றார் அம்மாள்.

"மத்ததெல்லாம் போடுங்க. பூனை, குருவி, காதல், என்ன வேணா போடுங்க. இது வேணாம். என் பொண்டாட்டி மூஞ்சியில நான் முழிக்க வேணாமா?"

"அது உங்க வீட்டுப் பஞ்சாயத்து. இங்க ஏன் கொண்டு வர்றீங்க?"

"வாய்ல பல்லு இருக்கிற வரைக்கும்தாம்மா இந்தப் பேச்செல்லாம்." திரும்பினார். "ஏய் ஆபரேட்டர், நீ போடுவியா?"

"போடுவேன் சார்."

"உனக்குச் சோறு போடறது யாரு?"

"டிக்கெட் வாங்கற ஜனங்க சார். உங்களுக்கும் அவங்கதான் போடறாங்க."

முதலாளி கன்னத்தில் விட்ட அறையின் சத்தம் காலி அரங்கில் எதிரொலித்தது. ஆபரேட்டரின் உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. முதலாளி பெருக்கும் பெண்களைப் பார்த்து விரலை ஆட்டினார். "குவாரி ஆளுங்க வந்தா ஒரு கதவும் திறக்கக் கூடாது. திறந்தவ நாளைக்கு இந்தப் பக்கம் தலைகாட்ட வேணாம்."

மதியம் லாரி வந்து நின்றது. கல்தூசியில் புருவம் வரை வெளுத்த ஆண்களும் பெண்களும் இறங்கி, பூட்டிய வாசலைப் பார்த்தபடி நின்றார்கள். பக்கவாட்டுக் கதவின் சாவி பெருக்கும் பெண்களிடம் இருந்தது.

"திறந்தா வேலை போயிடும்" என்றாள் ஒருத்தி.

மூத்தவளுக்குப் பினாயில் அக்கா என்று பெயர். அவள் மூக்கை உறிஞ்சினாள். "இத்தனை வருஷமா கக்கூஸ் கழுவறேன். இதுக்குக் கீழ என்னை எங்கடி அனுப்புவான்?"

சாவி பினாயில் அக்காவின் இடுப்பில்தான் இருந்தது. போய்க் கதவைத் திறந்தாள்.

எல்லாரும் உள்ளே போனார்கள். கதவைக் காக்க ஆள் வேண்டுமே, அவளும் பினாயில் அக்காவும் வெளியே நின்றார்கள். படம் தொடங்கியது. கனத்த கதவைத் தாண்டி ஒரு சிரிப்பு வந்தது. தம்பியின் சிரிப்பு! அவள் காதைப் பலகையில் அழுத்தினாள். பேச்சு கொழகொழவென்று கேட்டது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. உள்ளே ஜனங்கள் சேர்ந்து சிரித்தார்கள்.

அப்போதுதான் சந்தில் முதலாளியின் ஆட்கள் வந்தார்கள். கையில் இரும்புக் குழாய், சைக்கிள் செயின்.

அவள் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். முதல் அடி தோளில் இறங்கியது. எலும்புக்குள் நெருப்பு பாய்ந்தது. பினாயில் அக்காவைத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்கள். கதவு பிளந்தது.

உள்ளே நாற்காலிகள் பறந்தன. படம் எடுத்த பெண்ணை ஒருவன் வயிற்றில் உதைக்க, அவள் சுருண்டு விழுந்தாள். அம்மாளின் கண்ணாடி காலடியில் நொறுங்கியது. இன்னொருவன் மேடையில் ஏறி, ஓடிக்கொண்டிருந்த படத்தின் மேலேயே கத்தியை இறக்கித் திரையை நெடுக்காகக் கிழித்தான். மேலே ஆபரேட்டர் தன் அறையின் இரும்புக் கதவை உள்ளிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். இடுக்கில் குழாயை நுழைத்து அவர் முன்கையோடு சேர்த்து நெம்பினார்கள். பச்சை விறகு முறிவது போல ஒரு சத்தம். அவர் அலறினார், ஆனால் கதவை விடவில்லை.

அந்த அலறல்தான் எல்லாரையும் எழுப்பியது. பாறையில் சம்மட்டி இறக்கிய கைகள் எழுந்தன. ஒருவன் செயினை வெறுங்கையால் பிடித்து, உள்ளங்கை கிழிய இழுத்து, ஓங்கியவனைத் தரையில் சாய்த்தான். பெண்கள் நாற்காலியின் உடைந்த கால்களைப் பொறுக்கினார்கள். அவள் தரை துடைக்கும் கம்பைச் சுழற்றினாள். அது ஒருவன் வாயில் விழுந்து முறிந்தது. அவன் பல்லைத் துப்பினான். அவளுக்குப் பயமாக இல்லை. முறிந்த துண்டால் மறுபடியும் அடித்தாள். அவன் விழுந்த பிறகும் அடித்தாள். "போதும்டி! செத்துடுவான்!" என்று பினாயில் அக்காதான் இடுப்பைக் கட்டி இழுத்தாள்.

வந்தவர்களை இழுத்து வெளியே தள்ளி, கதவுக்கு நாற்காலிகளை அடுக்கினார்கள். காலையில் அவள் தேய்த்து வைத்த தரையெங்கும் ரத்தம் சேறாக மிதிபட்டுக் கிடந்தது.

படம் நின்று அரங்கு இருண்டது. முதலாளி மின்சாரத்தை நிறுத்திவிட்டார். வெளியே அவர் குரல் கேட்டது. "போலீசுக்குச் சொல்லியாச்சு! ஒருத்தன் பாக்கியில்லாம உள்ள போவீங்க!"

"நாங்க உள்ளதான் இருக்கோம், போய்யா!" என்று இருட்டில் யாரோ கத்த, அடிபட்ட வாய்களெல்லாம் சிரித்தன.

திரைக்குப் பின்னாலிருந்த விழாவின் ஜெனரேட்டரைக் குவாரி ஆள் ஒருவன் இழுத்துக் கிளப்பினான். மேலே ஆபரேட்டர் கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்துவதென்று படம் எடுத்த பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தார். கிழிந்த திரையின் இரண்டு பக்கமும் ஆட்கள் ஏறி, ஓரங்களைக் கையால் இழுத்துச் சேர்த்துப் பிடித்தார்கள். கை அசந்தவனின் இடத்துக்கு இன்னொருவன் சொல்லாமலே போனான்.

அம்மாள் ஜெனரேட்டரைத் தடவிப் பார்த்தார். "டீசல் முழுப் படத்துக்கும் வருமான்னு தெரியலை. விட்ட இடத்துலேருந்து போட்டுடலாம். மேனேஜர் மாட்டிக்கிற இடம் இனிமேதான் வருது. அதுக்குள்ள போலீஸ் கதவை உடைச்சாலும் உடைப்பாங்க."

"ஆமாம்மா, போடுங்க" என்றன குரல்கள். அதுதான் நியாயம் என்று அவளுக்கும் தெரிந்தது. வழக்கம்போல் கால்கள் தாமாகச் சுவரோரம் போயின. அங்கே போனதும், மறுபடியும் கடைசியைத்தான் பார்க்கப்போகிறோம் என்று தோன்ற, திரும்பி வந்தாள். வெளியே வாசல் கதவில் இரும்பு மோதத் தொடங்கியது.

"அம்மா."

"சொல்லு. ஐயோ, தோள் எப்படி வீங்கிப்போச்சு, முதல்ல உட்காரு."

அவள் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"முதல்லேருந்து போடுங்கம்மா. செத்தவன் என் தம்பி. இதைக் கேட்கணும் கேட்கணும்னு எத்தனையோ தடவை உங்ககிட்ட வந்து திரும்பிப் போயிருக்கேன். டீசல் தீர்ந்தா தீரட்டும், அவங்க உள்ள வந்தா வரட்டும், எல்லாரும் சேர்ந்து தடுப்போம். ஆனா நான் நாற்காலியில உட்காரணும். அவன் பேசறதை முதல்லேருந்து பார்க்கணும்."